பின்னால் வருபவருக்கு ஒரு செய்தி

மாலை ஆறு மணிக்கு மேல் சிறுசேரி சிப்காட் வளாகத்தின் அலுவலகங்கள் கலையத் தொடங்கியதும், பழைய மகாபலிபுரம் சாலையில் சிவப்பு விளக்குகள் வரிசை வரிசையாக எரிவதையும் அணைவதையும் காணலாம். அந்தச் சிவப்பு ஒளி ஒவ்வொன்றும் ஒரு செய்தி. "நான் வேகத்தைக் குறைக்கிறேன், நீயும் குறைத்துக் கொள்" என்பதே அதன் பொருள். ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே, இந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வீடு போய்ச் சேருகிறார்கள்.

இந்தச் செய்தியில் ஒரு விந்தை உண்டு. அனுப்பியவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. முகப்பு விளக்கு எரியவில்லையென்றால் ஓட்டுநரின் கண்ணுக்கே சாலை இருண்டுவிடும். ஹாரன் ஒலிக்கவில்லையென்றால் அவர் காதே அதைச் சொல்லிவிடும். பிரேக் விளக்கு எரியாமற் போனாலோ, வண்டி வழக்கம்போல் ஓடும். மிதியை அழுத்தினால் வழக்கம்போல் நிற்கும். குறையை முதலில் அறிகிறவர் பின்னால் வருகிறவர்தான். அவரும் பல சமயங்களில் காலங்கடந்தே அறிகிறார்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் கடந்துவிடுகிறது. முன்வண்டி நிற்கப்போகிறது என்பதை ஒரு விநாடி தாமதமாக உணர்ந்தால், அந்த 17 மீட்டரும் நமக்கு இல்லாமற் போகிறது. சிறிய பல்பு ஒன்றின் மதிப்பு இதுதான். இந்த விளக்கு எவ்வாறு பிறந்தது? பழைய வண்டிகளில் அது ஏன் பழுதாகிறது? அந்தப் பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? சிறுசேரியிலிருந்து கேளம்பாக்கம் சென்று, அங்கிருந்து மேற்கே போகும் சாலையின் மறுமுனையிலுள்ள வண்டலூர்ப் பகுதியில் உருவான ஒரு காரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றைப் பார்ப்போம்.

கை பேசிய காலம்

மோட்டார் வண்டிகள் தோன்றிய புதிதில் அவற்றுக்குப் பின்புறம் எச்சரிக்கை விளக்கு எதுவும் கிடையாது. அன்றைய வேகத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. குதிரை வண்டிக்காரரின் பழக்கமே மோட்டார் ஓட்டுநருக்கும் வந்து சேர்ந்தது. நிறுத்தவோ திரும்பவோ வேண்டுமானால் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

நம் நாட்டில் 1939-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் கைச் சைகைகளை முறைப்படுத்தியது. வேகத்தைக் குறைப்பவர் வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மேலும் கீழுமாகப் பலமுறை அசைக்க வேண்டும். நிறுத்தப் போகிறவர் வலது முன்கையைச் செங்குத்தாக உயர்த்திக் காட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குச் செல்லும் மாணவர்கள் இன்றும் இச்சைகைகளைப் படிக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநர் கையையோ காலையோ வெளியே நீட்டிக் காட்டும் வழக்கத்தையும் நம் தெருக்களில் இன்னும் பார்க்கலாம்.

கைச் சைகைக்கு மூன்று குறைகள் இருந்தன. இரவில் அது தெரியாது. மழையில் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்ட யாரும் விரும்புவதில்லை. மூன்றாவது குறையே பெரியது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் ஓட்டுநரின் இரு கைகளும் ஸ்டீயரிங்கை இறுகப் பற்றிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் கையை வெளியே நீட்டிக் காட்ட அவரால் இயலாது. அதாவது, செய்தி மிக அவசரமாகத் தேவைப்படும் நொடியில்தான் கை ஊமையாகிவிடுகிறது. ஆகவே, ஓட்டுநர் நினைத்துச் செய்யும் சைகை போதாது. பிரேக்கை மிதித்தவுடன் தானாகவே எழும் சைகை வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

நடிகை கண்ட வழி

இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர்களுள் ஒருவர் திரைப்பட நடிகை என்றால் வியப்பாக இருக்கும். கனடாவில் பிறந்து அமெரிக்க ஊமைப்படங்களில் புகழ்பெற்ற புளோரன்ஸ் லாரன்ஸ் என்பவர் கார் ஓட்டுவதில் பேரார்வம் கொண்டவர். 1914-ம் ஆண்டு வாக்கில் அவர் ஓர் அமைப்பை உருவாக்கினார். பிரேக்கை மிதித்ததும் காரின் பின்புறத்தில் "நிறுத்து" என்று எழுதிய பலகை ஒன்று மேலெழும். திரும்பும் திசையைக் காட்டுவதற்கும் இதுபோன்ற ஒரு கையை அவர் அமைத்தார். இவற்றுக்கு அவர் காப்புரிமை பெறவில்லை.

பலகையிலும் ஒரு குறை இருந்தது. இரவில் அதைப் படிக்க ஒளி வேண்டுமே! அந்த நாட்களில் பெரும்பாலான கார்களில் மண்ணெண்ணெய் விளக்கும் அசிட்டிலீன் வாயு விளக்கும்தான் இருந்தன. தீக்குச்சி கிழித்து ஏற்றும் விளக்கை, மிதிக்கும்போது எரியவும் விடும்போது அணையவும் செய்வது எப்படி?

மின்சாரமும் எண்ணெயும்

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியியலார் 1911-ல் காரின் எஞ்சினைச் சுழற்றித் தொடங்கிவைக்கும் மின் ஸ்டார்ட்டரை அமைத்தார். 1912-ம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றும் தொல்லை நீங்கியது என்பதே இதன் புகழ். ஆயினும் இதில் மற்றொரு பயனும் மறைந்திருந்தது. ஸ்டார்ட்டருக்காகக் காரினுள் ஒரு பேட்டரியும், அதற்கு மின்னூட்டம் தர ஒரு டைனமோவும் வந்துவிட்டன. மின்சாரம் வண்டியிலேயே இருக்கும்போது, ஒரு பல்பையும் சுவிட்சையும் சேர்ப்பது எளிது. பிரேக் மிதியை ஒரு சுவிட்சுடன் இணைத்தார்கள். பிரேக் விளக்கு நடைமுறைக்கு வந்தது.

அடுத்த மாற்றம் பிரேக்கிலேயே நிகழ்ந்தது. முதலில் மிதிக்கும் சக்கரத்துக்கும் இடையே கம்பிகளும் கோல்களுமே இருந்தன. மால்கம் லோகெட் என்பவர் 1917-ல் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921-ல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் இவ்வகைப் பிரேக்குடன் வெளிவந்தது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் விதியைப் பள்ளியில் படித்திருக்கிறோம். பிரேக் குழாயில் நடப்பது அதுவே. குழாயின் வழியில் ஒரு சிறு சவ்வை வைத்தால், அழுத்தம் எழும்போது சவ்வு வளைந்து இரண்டு மின்முனைகளை இணைத்துவிடும். மிதித்தவுடன் விளக்கு எரியும். இதுவே அழுத்தச் சுவிட்சு.

இன்னொரு வகை மிதியின் அருகே இருக்கும் சுவிட்சு. இதில் மிதி ஓய்வாக இருக்கும்போது ஒரு சிறு முனையை அழுத்திக்கொண்டிருக்கும். அப்போது மின்முனைகள் பிரிந்திருக்கும். காலால் மிதித்தவுடன் மிதி விலகும், உள்ளிருக்கும் சுருள்வில் முனையை வெளியே தள்ளும், மின்முனைகள் சேரும். பழைய கார்களில் இவ்விரு வகைகளையும் காணலாம்.

விளக்கின் நிறம் சிவப்பாக அமைந்ததற்கு ரயில்வேயின் பழக்கம் ஒரு காரணம். சிவப்பு என்றால் நில் என்பது அதற்கு முன்பே மக்கள் மனத்தில் பதிந்திருந்தது. மற்றொரு நன்மையும் உண்டு. டங்ஸ்டன் இழை பல்பின் ஒளியில் நீலம் குறைவு, சிவப்பு மிகுதி. ஆதலால் சிவப்புக் கண்ணாடியின் வழியே வடித்தாலும் போதிய ஒளி வெளிவரும்.

வண்டலூரில் பிறந்த ஹெரால்ட்

இனி நம் ஊர்க் காருக்கு வருவோம். நாடு விடுதலை பெற்ற அடுத்த ஆண்டான 1948-ல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் இதில் கூட்டாளிகள். தாம்பரத்துக்குத் தெற்கே, பெருங்களத்தூரையும் வண்டலூரையும் ஒட்டி, ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில் தொழிற்சாலை எழுந்தது. வேன்கார்டு, ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் ஆகிய கார்கள் முதலில் வந்தன. 1961-ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வெளிவந்தது. கல்கத்தா பக்கத்திலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து பியட், சென்னையிலிருந்து ஹெரால்ட் என்ற மூன்றே அன்றைய இந்தியச் சாலைகளில் பெரும்பாலும் ஓடிய கார்கள்.

ஹெரால்டின் மூலம் 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்ட். இத்தாலியரான மிக்கலாட்டி அதன் உருவத்தை வரைந்தார். அக்காலத்தில் பல கார்களில் அடிச்சட்டமும் உடலும் ஒரே கூடாக வெல்டு செய்யப்பட்டு வந்தன. ஹெரால்ட் அப்படி அன்று. அதற்குத் தனி அடிச்சட்டம் உண்டு. உடலைப் பல துண்டுகளாகச் செய்து, போல்ட்டு போட்டு அடிச்சட்டத்தின் மேல் இணைத்தார்கள். இங்கிலாந்தில் முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் கிடைக்காததால் வந்த ஏற்பாடு இது. உதிரிகளாகக் கப்பலில் ஏற்றிப் பிற நாடுகளில் பூட்டிக்கொள்வதற்கும் இது வசதியாக இருந்தது. இந்தப் போல்ட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் விளக்கின் கதையில் இவை மீண்டும் வரும்.

1960-களின் பிற்பகுதியில் நம் நாட்டுக் குடும்பங்களுக்கு ஏற்ப நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்ட் இங்கே உருவாக்கப்பட்டது. இங்கிலாந்தில் இல்லாத வடிவம் அது. பிறகு 1970-களில் கஸெல் என்ற கார் வந்து, 1977 வரை உற்பத்தியில் இருந்தது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் வெளியிடப்பட்டது. அது வெற்றி பெறவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றுபோனது.

இதே காலத்தில் சென்னையின் மறுகோடியிலும் ஒரு தொழில் வளர்ந்தது. 1961-ல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனமும், 1962-ல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனமும் தொடங்கப்பட்டுப் பாடியில் ஆலைகளை அமைத்தன. முதலாவது வாகனங்களின் மின் கருவிகளையும், இரண்டாவது பிரேக் கருவிகளையும் செய்தன. பிரேக் விளக்கு என்பது இவ்விரு துறைகளும் சந்திக்கும் இடம் எனலாம். மிதியும் எண்ணெயும் பிரேக்கைச் சேர்ந்தவை. வயரும் பல்பும் மின்சாரத்தைச் சேர்ந்தவை.

தொழிற்சாலை மூடப்பட்டாலும் கார்கள் மறைந்துவிடவில்லை. ஹெரால்டைப் பேணிக் காத்து ஓட்டுவோர் இன்றும் இருக்கிறார்கள். கம்பெனி இல்லை என்பதால், பழுது வந்தால் சுற்றுவழியைப் புரிந்துகொண்டு தாமே தேடுவதுதான் அவர்களுக்கு உள்ள நல்ல வழி.

மின்னோட்டம் போகும் பாதை

பழைய காரின் பிரேக் விளக்குச் சுற்று மிக எளியது. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் இக்னிஷன் சாவியைக் கடந்து, பியூஸ் உள்ள வண்டிகளில் அதையும் கடந்து, பிரேக் சுவிட்சை அடைகிறது. அங்கிருந்து ஒரு வயர் பின்புறம் சென்று இரண்டாகப் பிரிந்து, இடப்பக்கப் பல்புக்கும் வலப்பக்கப் பல்புக்கும் போகிறது. பல்பிலிருந்து பேட்டரிக்குத் திரும்ப வயர் இல்லை. காரின் இரும்பு உடலே திரும்பும் வழி. இதைத்தான் எர்த் என்கிறோம்.

ஆங்கிலேய மரபில் வந்த லூகாஸ் வயரிங்கில் நிறங்களுக்குப் பொருள் உண்டு. பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை சாவியைத் திருப்பினால் மின்சாரம் பெறுவது. பச்சை அதிலிருந்து பியூஸ் வழியே வருவது. பச்சையில் ஊதாக் கோடு போட்டது பிரேக் சுவிட்சிலிருந்து பின்விளக்குக்குச் செல்வது. சிவப்பு இரவு விளக்குக்கு உரியது. கறுப்பு எர்த். வயரின் மேலுள்ள அழுக்கைத் துடைத்துவிட்டு நிறத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பின்விளக்குப் பல்பு பொதுவாக இரண்டு இழைகள் கொண்டது. இரவில் எப்போதும் எரியும் இழை 5 வாட். பிரேக்குக்கான இழை 21 வாட். இந்த வேறுபாடு பெரிதாக இருப்பதால்தான் இரவிலும் பிரேக் பிடித்தது பளிச்சென்று தெரிகிறது. பல்பின் அடியிலுள்ள இரு பக்க முனைகள் ஒரே உயரத்தில் இல்லாதிருப்பதைக் கவனித்திருக்கலாம். பல்பைத் தலைகீழாக மாற்றிப் போட்டு இழைகள் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்கே அந்த ஏற்பாடு.

விளக்கு எரியாதபோது

பழுதைத் தேடுவதில் முதல் விதி, கருவியை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்பது. இரண்டு விளக்குகளும் எரியவில்லையா, ஒன்று மட்டுமா? எரிகிறது, ஆனால் மங்கலா? மிதிக்காதபோதும் எரிகிறதா? பிரேக்கை மிதித்தால் வேறு ஏதாவது விளக்கு எரிகிறதா? ஒவ்வொரு விடையும் சுற்றின் ஒவ்வொரு பகுதியைக் காட்டும்.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையென்றால் பியூசும் சுவிட்சும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அவை இரண்டுக்கும் பொதுவானவை அல்லவா? எனவே குறை அந்தப் பக்கத்துப் பல்பிலோ, ஹோல்டரிலோ, வயரிலோ, எர்த்திலோ இருக்கவேண்டும்.

இரண்டும் எரியவில்லையென்றால் பொதுவான பகுதியைச் சந்தேகிக்கலாம். முதலில் சாவியைத் திருப்பியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். மேற்சொன்ன பச்சை வயரிலிருந்து மின்சாரம் பெறும் வண்டிகளில், சாவி இல்லாமல் பிரேக் விளக்கு எரியாது. அடுத்து, அதே பியூசைச் சேர்ந்த இண்டிகேட்டரும் வைப்பரும் இயங்குகின்றனவா என்று பார்க்கலாம். அவையும் இயங்கவில்லையென்றால் பியூஸ் போயிருக்கும். அவை இயங்கினால் சுவிட்சுக்குப் போகலாம். சுவிட்சிலுள்ள இரண்டு வயர்களையும் கழற்றி, ஒன்றோடொன்று தொடும்படி வைத்தால், சுவிட்சு இல்லாமலே சுற்று முழுமை பெறும். அப்போது விளக்கு எரிந்தால் பழுது சுவிட்சில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு பல்புகளும் ஒரே நாளில் பழுதாவது அரிது. ஆனால் ஒன்று என்றோ பழுதாகி, யாரும் பாராமல் விட்டு, நாளடைவில் மற்றதும் போயிருக்கலாம். ஓட்டுநருக்குத் தன் பிரேக் விளக்கு தெரியாது என்று தொடக்கத்தில் கண்டோமே, அதன் விளைவு இது. ஆகையால் சுவிட்சைக் கழற்றுவதற்கு முன் இரு பல்புகளையும் எடுத்து இழையைப் பார்ப்பது நல்லது.

சுவிட்சு மிதியருகே இருக்கும் வகையானால், அதைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்து சுவிட்சு விலகியிருக்கலாம். சற்றே சரிசெய்தால் போதும். மிதிக்காதபோதும் விளக்கு எரிவதற்கும், மிதி முழுமையாகத் திரும்பாமல் இருப்பதற்கும் இங்கேயே காரணம் தேடலாம். அழுத்தச் சுவிட்சானால் கதை வேறு. வயதான அழுத்தச் சுவிட்சு, மெதுவாக மிதித்தால் எரியாது; ஓங்கி மிதித்தால் மட்டும் எரியும். மெதுவாக வேகம் குறைக்கும்போது பின்வண்டிக்குச் செய்தி போகாது என்பதே இதன் பொருள். இதை மாற்றும்போது பிரேக் குழாய் திறக்கப்படுகிறது. உள்ளே காற்று புகுந்தால் பிரேக்கே பிடிக்காது. திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது, காற்று சுருங்கிவிடும். ஆகவே காற்றை வெளியேற்றத் தெரிந்த மெக்கானிக்கிடம் இந்த வேலையை ஒப்படைப்பதே முறை. விளக்கைச் சரிசெய்யப் போய்ப் பிரேக்கை இழந்துவிடக் கூடாது.

திரும்பும் வழியில் துரு

பழைய கார்களில் மிகுதியாகக் காணும் குறை எரியாமையன்று, மங்கலாக எரிவது. இதற்குக் காரணம் பெரும்பாலும் துரு. சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் போன்ற ஊர்கள் கடலுக்கு அண்மையில் உள்ளவை. உப்பு கலந்த ஈரக் காற்று இரும்பையும் பித்தளையையும் விரைவில் அரிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அதற்குத் துணை செய்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. மழை பெய்தது. புறநகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தில் நனைந்த வயர் இணைப்புகள் நீர் வடிந்த பிறகும் உள்ளுக்குள் பச்சை பூத்துக்கொண்டே இருக்கும்.

துரு எவ்வளவு கேடு செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். அப்படியானால் எரியும் இழையின் மின்தடை ஏறத்தாழ 7 ஓம். எர்த் இணைப்பில் துருவினால் 1 ஓம் மட்டும் கூடுதல் தடை வந்துவிட்டதாகக் கொள்வோம். 12 வோல்ட்டில் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் அந்தத் துருவிலேயே வீணாகிவிடும். பல்புக்குக் கிடைப்பது பத்தரை வோல்ட். இது சிறிய இழப்பாகத் தோன்றும். ஆனால் இழையின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும் இயல்புடையது. ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். கண்ணாடியும் வெளிறி, உள்ளே இருக்கும் எதிரொளிப்புத் தகடும் மங்கியிருந்தால் மிஞ்சும் ஒளி மிகக் குறைவு. டைனமோ உள்ள பழைய வண்டிகளில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்னழுத்தம் மேலும் தாழும். அதாவது, சிக்னலில் நிற்கும் நேரத்தில்தான் விளக்கு மேலும் சோர்ந்து எரிகிறது.

ஹெரால்டின் போல்ட்டுகள் இங்கேதான் கதைக்குள் வருகின்றன. விளக்குக் கூட்டிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் மின்னோட்டம் இரும்பு உடலின் வழியே செல்கிறது என்றோம். வெல்டு செய்த உடலில் அது தடையற்ற வழி. பல துண்டுகளைப் போல்ட்டு போட்டு இணைத்த உடலிலோ, ஒவ்வோர் இணைப்பும் ஒரு வாசற்படி. அறுபது ஆண்டுகளில் பெயின்ட்டும் துருவும் அந்தப் படிகளில் படிந்துவிடுகின்றன. ஆகவே, விளக்குக் கூட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி, அடிப்பகுதியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் பூட்டினாலே பல விளக்குகள் உயிர்பெறும். அதற்கும் சரியாகவில்லையென்றால், கூட்டிலிருந்து அடிச்சட்டத்துக்குத் தனியே ஒரு கறுப்பு வயர் போட்டுவிடலாம்.

எர்த் அறவே அறுந்துவிட்டால் விந்தையான ஒன்று நிகழும். பிரேக்கை மிதித்தால் பிரேக் இழை சரியாக எரியாமல், இரவு விளக்குகள் மங்கலாக எரியும். இதென்ன மாயம்? ஒரே பல்பின் இரு இழைகளுக்கும் எர்த் ஒன்றுதான். அது அறுந்ததும், பிரேக் இழை வழியாக வந்த மின்னோட்டம் வெளியேற வழியின்றி, அதே பல்பின் இரவு இழைக்குள் பின்வழியாகப் புகுகிறது. அங்கிருந்து இரவு விளக்குகளின் பொது வயரில் ஏறி, மறுபக்கத்து இரவு விளக்கை அடைந்து, அங்குள்ள நல்ல எர்த்தில் இறங்குகிறது. ஒரு வாசல் அடைபட்டால் நீர் வேறு வாய்க்காலில் பாய்வது போன்றதே இது. மின்சாரம் ஒருபோதும் தவறு செய்வதில்லை. திறந்திருக்கும் வழியில் போகிறது. எனவே மிதித்தவுடன் தவறான விளக்கு எரிந்தால், நேரே எர்த்தைப் பாருங்கள்.

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு டார்ச் செல்கள், ஒரு சிறு பல்பு, சில வயர்த் துண்டுகள் கொண்டு ஒரு சுற்று அமையுங்கள். பல்பு எரியும் ஒளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சுற்றின் நடுவே இருபுறமும் சீவிய பென்சில் ஒன்றின் கரிக்குச்சியைச் சேருங்கள். விளக்கு மங்கிவிடும். பென்சில் செய்யும் வேலையைத்தான் காரில் துரு செய்கிறது.

மூன்றாவது விளக்கு

பிரேக் விளக்கின் கதை இத்துடன் முடியவில்லை. தொடக்கத்தில் பல கார்களுக்கு ஒரே பிரேக் விளக்குதான் இருந்தது. ஜெர்மனியின் போக்ஸ்வேகன் காரில் 1952 வரை பின்புறத்தின் நடுவில் ஒன்று மட்டுமே இருந்தது. பிறகு இரு பக்கமும் இரண்டு என்பது வழக்கமாயிற்று. ஒன்று பழுதானாலும் மற்றது பேசும் அல்லவா?

1974-ல் அமெரிக்க உளவியலார் ஜான் வோவோட்ஸ்கி ஒரு சோதனை நடத்தினார். சான் பிரான்சிஸ்கோ நகரின் டாக்சிகள் சிலவற்றில், பின்வண்டி ஓட்டுநரின் கண்பார்வைக்கு நேராக மூன்றாவது பிரேக் விளக்கு ஒன்றைப் பொருத்தினார். அந்த டாக்சிகளின் பின்புறத்தில் பிற வண்டிகள் மோதும் விபத்துகள், விளக்கு பொருத்தாதவற்றைவிட 60 விழுக்காடு குறைந்தன. இதன் பயனாக 1986-ம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்கக் கார்களில் நடு விளக்கு கட்டாயமாக்கப்பட்டது. எல்லாக் கார்களிலும் அது வந்துவிட்ட பிறகு எடுத்த கணக்கில் நன்மை சுமார் 4 விழுக்காடாகக் குறைந்திருந்தது. புதுமையாக இருந்தபோது கண்ணை இழுத்தது, பழகியபின் அவ்வளவாக இழுக்கவில்லை. ஆயினும் கோடிக்கணக்கான வண்டிகளில் 4 விழுக்காடு என்பது எத்தனையோ உயிர்கள்.

அடுத்து எல்.இ.டி. விளக்கு வந்தது. டங்ஸ்டன் இழை சூடேறி முழு ஒளி தருவதற்கு ஒரு விநாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். எல்.இ.டி. அந்தத் தாமதமின்றி உடனே எரிகிறது. 60 கி.மீ. வேகத்தில் இது 3 மீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. இதனால் பழைய கார் வைத்திருப்போரும் எல்.இ.டி. பல்பு போட விரும்புகிறார்கள். அவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த ஆங்கிலேய வடிவக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இழை பல்புக்கு மின்னோட்டம் எந்தத் திசையில் வந்தாலும் ஒன்றுதான். எல்.இ.டி.யோ ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை ஏற்கும். தவறான வகையைப் போட்டால் எரியாது. அடுத்து, சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்.இ.டி.யே வேண்டும். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்பின் பங்கு குறைவு. கண்ணாடியில் வடிந்தபின் மங்கலாகிவிடும்.

சுவரைக் கேளுங்கள்

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பிரேக்கை இயக்கியதும் பின்புறத்தில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று கூறுகின்றன. 1939-ல் கை சொன்ன செய்தியைச் சொல்லும் பொறுப்பு அரை நூற்றாண்டில் ஒரு பல்புக்கு மாறிவிட்டது. கையை நீட்டியவருக்குத் தாம் நீட்டியது தெரியும். பல்புக்கு மாறியபோது நாம் பெற்றவை பல. இழந்தது இந்த அறிவு ஒன்றுதான். தம் செய்தி போகிறதா என்பதை அறிய ஓட்டுநர் தனியே முயல வேண்டியிருக்கிறது.

அந்த முயற்சிக்கு உதவியாள்கூட வேண்டியதில்லை. மாலை மங்கிய நேரத்தில் வண்டியின் பின்புறத்தை ஒரு வெள்ளைச் சுவரின் அருகே நிறுத்தி, சாவியைத் திருப்பி, மிதியை மெதுவாக அழுத்திக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு சிவப்பு வட்டங்கள் சம ஒளியில் தெரிந்தால் நல்லது. ஒன்று மட்டும் தெரிந்தாலோ, ஒன்று மங்கலாக இருந்தாலோ, எங்கே தேடுவது என்பதை இப்போது அறிவீர்கள். ஹெரால்டுக்கு மட்டுமன்று; அப்பாவின் ஸ்கூட்டருக்கும், வாசலில் நிற்கும் புதிய காருக்கும் இச்சோதனை பொருந்தும். வாரம் ஒருமுறை, அரை நிமிடம் போதும்.

பிரேக் நம்மைக் காக்கிறது. பிரேக் விளக்கு நம்மோடு பின்னால் வருபவரையும் சேர்த்துக் காக்கிறது.